கூட்டுகிறவர் வண்டிக்குக் கொட்டகையில் இடமில்லையா?

காலை ஆறரை மணிக்கு அந்த வாகனக் கொட்டகை காலியாக இருக்கும். தகரக் கூரை, சிமென்ட் தரை, வெள்ளைக் கோடு போட்டுப் பிரித்த இடங்கள். முகப்பில் ஒரு பலகை: ‘பணியாளர் வாகனங்கள் மட்டும்’. முதல் கார் வருவதற்குள் அதைக் கூட்டி முடித்தாக வேண்டும். கூட்டுகிறவர் ஒரு பெண். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர். கல்யாணமாகி மலையடிவாரத்துக்கு வந்தவர். சேலத்தில் ஓர் உயர்கல்வி வளாகத்தில் ஆறு ஆண்டுகளாகத் தூய்மைப் பணி செய்கிறார். தவணையில் வாங்கிய டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் வேலைக்கு வருகிறார். அந்த வண்டி நிற்பது அவர் கூட்டுகிற கொட்டகையில் அல்ல. மதிலுக்கு வெளியே, டீக்கடைக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில்.

சென்ற ஐப்பசி மழையில் ஒருநாள் வண்டியை உள்ளே கொண்டுவந்து கொட்டகை ஓரமாக நிறுத்தினார். காவலர் ஓடி வந்தார்.

“ஏம்மா, இது ஸ்டாஃப் வண்டி நிறுத்தற எடம். எடுத்துருங்க. ஆபீசர் பார்த்தா என்னையத்தான் கேப்பாரு.”

“மழை விடற வரைக்கும்ண்ணா. சீட்டு கிழிஞ்சு கெடக்குது, தண்ணி எறங்கிரும்.”

“எனக்கே இங்க எடம் இல்லீங்கம்மா. என் வண்டியும் வெளியதான் நிக்குது.”

காவலர் சொன்னது பொய்யில்லை. அவரும் ஒப்பந்த ஊழியர்தான். கொட்டகையைக் கூட்டுகிறவருக்கும் அங்கே இடமில்லை, காவல் காக்கிறவருக்கும் இடமில்லை.

இது எங்கள் காதுக்கு வந்ததும் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். பதில் மட்டும் ஒரு வரியில் முடிந்தது: “அவங்க எங்க ஸ்டாஃப் இல்லீங்க, ஏஜென்சி ஆளுங்க.”

அந்த வளாகத்தின் பெயரை நாங்கள் இங்கே எழுதவில்லை. எழுதினால் அது ஒரு வளாகத்தின் குறையாகச் சுருங்கிவிடும். இதைப் படிக்கிற மாணவர்கள் நாளை காலை தங்கள் கல்லூரி வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். யார் வண்டி உள்ளே போகிறது, யார் வண்டி வெளியே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆறு ஆண்டுகளாக அந்த வளாகத்துக்குள் அன்றாடம் முதலில் நுழைகிறவர் அவர்தான். அவர் ‘எங்கள் ஆள் இல்லை’ என்றால், பிறகு யார்தான் பணியாளர்? ஒரு பல்கலைக்கழகம் தன் வாகன நிறுத்தத்துக்குத் தகுதி வகுக்கும்போது உண்மையில் பதில் சொல்வது இந்தக் கேள்விக்குத்தான்.

மலையிலிருந்து இறங்கிய சொல்

சேர்வராயன் மலைக்காரர்களுக்கு ‘ஸ்டாஃப்’ என்ற சொல் புதிதல்ல. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பித் தோட்டங்கள் பெருகின. சமவெளியிலிருந்து பிழைப்புத் தேடி ஏறிய தலித் குடும்பங்களும், மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களும் அந்தத் தோட்டங்களில் உழைத்தார்கள். தோட்டத்தில் மேலே துரை. துரைக்குக் கீழே கணக்கு எழுதுகிறவரும் மேற்பார்வை பார்க்கிறவரும், அவர்கள் ஸ்டாஃப். களை எடுக்கிறவரும் காப்பிப் பழம் பறிக்கிறவரும் மூட்டை சுமக்கிறவரும் லேபர். ஸ்டாஃபுக்குக் குவார்ட்டர்ஸ், லேபருக்கு லைன் வீடு.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. குறிப்பிட்ட ஊதிய வரம்புக்குள் வருகிறவர் உடலால் உழைத்தாலும் பேனா பிடித்தாலும் ‘தொழிலாளி’ என்ற ஒரே சொல்லுக்குள் அவர்களை வைத்தது. சட்டம் ஒன்றாக்கியதைத் தோட்டத்து வழக்கம் இரண்டாகவே வைத்துக்கொண்டது.

அந்த லைன் வீட்டில் பிறந்த பெண், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே வந்துவிட்டார். தோட்டம் போய்ப் பல்கலைக்கழகம் வந்தது. துரை இடத்தில் இப்போது நிர்வாகம் இருக்கிறது, மேஸ்திரி இடத்தில் ஏஜென்சி இருக்கிறது. அவருக்கு முன்னால் இருக்கும் பலகையில் மட்டும் அதே சொல் எழுதியிருக்கிறது. தாய் எந்தச் சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டாரோ, மகளும் அதே சொல்லுக்கு வெளியே நிற்கிறார்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 2020-ல் தமிழக அரசு, துப்புரவுத் தொழிலாளர்களை இனி ‘தூய்மைப் பணியாளர்’ என்று அழைக்க வேண்டும் என்று அறிவித்தது. நல்ல நோக்கம்தான். அதன்படி அவருடைய அடையாள அட்டையிலேயே ‘பணியாளர்’ என்ற சொல் வந்துவிட்டது. ஆனால், ‘பணியாளர் வாகனங்கள் மட்டும்’ என்ற பலகைக்கு முன்னால் அந்த அட்டை செல்லுபடியாவதில்லை. பெயரில் மரியாதை கொடுப்பது எளிது, அதற்குச் செலவில்லை. இடம் கொடுக்கும்போதுதான் எவ்வளவு மனதாரச் சொன்னோம் என்பது தெரியும்.

கௌரவ விரிவுரையாளர்கள் நிலையும் ஏறக்குறைய இதுதான். தமிழக அரசு கலைக் கல்லூரிகளில் 7,000-க்கும் மேற்பட்டோர் இந்தப் பெயரில் பாடம் நடத்துகிறார்கள். மாதம் ரூ.50,000 வரை வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் வகுத்தது. இங்கே ரூ.25,000 என்ற அளவுக்கு வரவே பல போராட்டங்கள் தேவைப்பட்டன. மலைக் கிராமத்தில் முதல் தலைமுறையாகப் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, பாடம் நடத்தப் போகிற எங்கள் பிள்ளைகள் பலர் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். ‘ரெகுலர் ஸ்டாஃப் வண்டி மட்டும்’ என்று காவலர் கை காட்டும்போது, வகுப்பறையில் ‘சார்’ என்று எழுந்து நிற்கும் மாணவனுக்கு முன்னாலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்களை நாங்கள் அறிவோம்.

சாதி எழுதப்படாத விதி

“இதில் சாதி எங்கே வந்தது? நியமன ஆணை இருந்தால் இடம், இல்லாவிட்டால் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதிதானே?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

2022 ஜூலை மாதம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு, நான்கு சாதிப் பெயர்களை விடையாகக் கொடுத்திருந்தார்கள். பெரியார் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு கேள்வியா என்று தமிழகமே கொதித்தது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தக் கொதிப்பு சரியானது. ஆனால், அங்கே சாதி அச்சில் இருந்தது, எல்லோர் கண்ணிலும் பட்டது. வாகன நிறுத்த விதியில் சாதி என்ற சொல்லே கிடையாது. அதனால்தான் அது கண்ணில் படாமல் தன் வேலையைச் செய்கிறது.

எப்படிச் செய்கிறது? நிரந்தரப் பணியிடம் என்றால் இடஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. அதே வேலையை ஏஜென்சிக்கு விட்டுவிட்டால் இனச்சுழற்சி இல்லை, பதவி உயர்வு இல்லை. ஆனால், குப்பை அள்ளுகிற வேலைக்கு மட்டும் ஏஜென்சி யாரைத் தேடி வருகிறது? எங்கள் தெருவுக்குத்தான் வருகிறது. ஒன்றிய அரசு நகரங்களின் கழிவுநீர்க் குழாய், கழிவுத் தொட்டித் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தந்த விவரப்படி, 54,574 பேரில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அது கழிவுநீர்த் தொழிலாளர்களின் கணக்கு. கல்லூரி வளாகங்களில் இப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்தால் என்ன தெரியவரும் என்பதை, அங்கே துடைப்பம் பிடித்திருப்பவர்களின் ஊரையும் தெருவையும் அறிந்த எவரும் ஊகிக்கலாம்.

ஆக, ‘நியமன ஆணை’ என்ற ஒரு சல்லடை. அதில் மேலே தங்குகிறவர் யார், கீழே விழுகிறவர் யார் என்பது சல்லடை செய்யும்போதே முடிவாகிவிட்டது. சலித்தவர் மனதில் சாதி இல்லாமல் இருக்கலாம். கீழே விழுந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தெருவிலிருந்து வந்தவர்களாக இருக்கிறார்கள்.

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவோம் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு சாதாரணச் சொல் வழக்கத்தில் வசைச் சொல்லாக மாறிவிடும் என்பதை அரசே ஒப்புக்கொண்டது. ‘ஸ்டாஃப்’ வசைச் சொல் அல்ல. ஆனால், யாரை வெளியே நிறுத்துவது என்பதற்கு அதைக் கருவியாக்கினால், அந்தச் சொல்லையும் நாம் கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வண்டி எங்களுக்கு வெறும் வண்டி அல்ல

“போயும் போயும் பார்க்கிங்குக்கா ஒரு கட்டுரை?” என்று சிலர் சிரிக்கக்கூடும். எங்கள் மக்களின் வரலாற்றில் வண்டி சின்ன விஷயமாக என்றைக்குமே இருந்ததில்லை.

அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்வில் தீண்டாமை கண்ட இடங்களை நினைவுகூரும்போது இரண்டு வண்டிகளைச் சொல்கிறார். 1901-ல் சிறுவனாக, தந்தையைப் பார்க்க அண்ணனோடும் அக்காள் மகன்களோடும் ரயிலில் போய் இறங்குகிறார். சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டிப்புக் கூலி பேசி, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். 1929-ல் அவர் வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் வாங்கி, பம்பாய் அரசு அமைத்த குழுவில் உறுப்பினராகிவிட்டார். சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் அவரை ஏற்றிச் செல்லக் குதிரைவண்டிக்காரர் எவரும் முன்வரவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, பழக்கமில்லாத ஒருவர் ஓட்ட, பாலத்தில் வண்டி விபத்துக்குள்ளாகி அவர் தூக்கி எறியப்பட்டார். படிப்பு வந்தது, பதவி வந்தது, வண்டியில் இடம் வரவில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிய ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதைத் தனிக் குற்றமாகவே எழுதி வைத்தது. சைக்கிள் ஓட்டுகிற உரிமையைச் சட்டப் புத்தகத்தில் எழுத வேண்டிய நாடு இது.

கொட்டகை வாசலில் நடப்பதை நாங்கள் வன்கொடுமை என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லின் கனம் எங்களுக்குத் தெரியும். வண்டி வாங்கி, அதை ஓட்டி வேலைக்கு வருவது எங்கள் பெண்களுக்கு எத்தனை படி ஏறி வந்த பயணம் என்பதைத்தான் சொல்கிறோம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, கிராமத்துப் பெண்களின் நடையே மாறியது. 2018-ல் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வாகனம் வாங்க ரூ.25,000 வரை மானியம் தந்தது. அதில் பட்டியல் சாதிப் பெண்களுக்கு 21 விழுக்காடு ஒதுக்கியது. பெண் வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்று அரசு புரிந்துகொண்டது. வேலை செய்யும் இடத்தில் அந்த வண்டி எங்கே நிற்கும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

புளியமரத்தடியில் நிற்கும் வண்டியில் அவர் இரண்டு முறை பெட்ரோலை இழந்திருக்கிறார். டீக்கடைக்காரர் நல்லவர்தான், வண்டியைப் பார்த்துக்கொள்கிறார். அதற்காக இவர் தினமும் அங்கே ஒரு டீயும் வடையுமாக 20 ரூபாய் செலவழிக்கிறார். மாதம் 26 நாள் வேலைக்கு 520 ரூபாய். உள்ளே கார் நிறுத்துகிற பேராசிரியர் ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. குறைந்த கூலிக்காரர் வாடகை கொடுத்து வெளியே நிற்கிறார், கூடுதல் சம்பளக்காரர் இலவசமாக உள்ளே நிற்கிறார்.

உலகம் என்ன செய்கிறது?

யாருக்கு வண்டி நிறுத்த இடம் என்பது உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களைக் குடையும் கேள்விதான். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்றவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழக அமைப்பின் தலைவராக இருந்த கிளார்க் கெர், பேராசிரியர்களுக்கு இருக்கும் பெரிய கவலையே வாகன நிறுத்தம்தான் என்று கேலியாகச் சொன்னது இன்றும் பேசப்படுகிறது. அது சாதனைக்கு மரியாதை செய்யும் முறை.

பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் வேறு முறையைப் பின்பற்றுகின்றன. பதவியைக் கேட்பதில்லை, தேவையைக் கேட்கின்றன. மாற்றுத்திறனாளியா? வீடு எவ்வளவு தூரம்? பேருந்து இருக்கிறதா? குழந்தையைப் பள்ளியில் விட்டு வர வேண்டுமா? வேலை நேரம் பேருந்து ஓடாத நேரமா? இவற்றுக்கு ஏற்ப அனுமதி. சில இடங்களில் கட்டணமும் சம்பளத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது; அதிகம் வாங்குகிறவர் அதிகம் கட்டுகிறார்.

இதில் எது நமக்குப் பொருந்தும்? மலையடிவாரத்திலிருந்து பேருந்து இல்லாத வேளையில் கிளம்பி ஆறரை மணிக்குத் துடைப்பம் எடுக்கும் பெண்ணையும், பத்து மணி வகுப்புக்கு நகரத்திலிருந்து காரில் வருகிறவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், இடம் யாருக்கு அதிகம் தேவை என்று சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம்.

சொல்லப்படும் காரணங்கள்

முதல் காரணம், “இடம் போதாது.” கார் ஒன்று நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். இருசக்கர வண்டிக்கு 1 மீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் போதும். ஒரு கார் நிற்கும் இடத்தில் தாராளமாக ஐந்து வண்டிகள் நிற்கும். நான்கு கார் இடங்களை விட்டுக்கொடுத்தால் 20 தொழிலாளர்களின் வண்டி வெயிலும் மழையும் படாமல் நிற்கும்.

இரண்டாவது, “பாதுகாப்பு. வெளியாட்களை எப்படி விடுவது?” துறைத் தலைவர் அறைச் சாவி முதல் ஆய்வகச் சாவி வரை காலையில் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அறையைத் திறந்துவிட நம்புகிறவரைக் கொட்டகையில் வண்டி விட நம்ப முடியாதா?

மூன்றாவது, “அது ஏஜென்சியின் பொறுப்பு.” 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், குடிநீர், கழிப்பறை, ஓய்வறை போன்ற வசதிகளை ஒப்பந்தக்காரர் செய்யாவிட்டால் வேலை வாங்கும் முதன்மை நிறுவனமே செய்துதர வேண்டும் என்று வகுத்தது. 2020-ல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நல வசதிகளுக்கான பொறுப்பை நேராக முதன்மை நிறுவனத்தின் மீதே வைக்கிறது. வாகன நிறுத்தம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லாமல் இருக்கலாம். ‘அவர்கள் எங்கள் ஆள் இல்லை’ என்று கைகழுவ முடியாது என்ற கொள்கை அதில் தெளிவாக இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2024 டிசம்பர் 20-ஆம் நாள், ஜக்கோ எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில், மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் பல ஆண்டுகளாகக் கூட்டிப் பெருக்கியவர்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டது. தற்காலிகம் என்று ஒட்டிய பெயரை நீதிமன்றம் பார்க்கவில்லை. செய்த வேலை அன்றாடம் தேவைப்படுகிற வேலையா என்பதையே பார்த்தது.

நான்காவது காரணம் எங்கள் தோழர்களிடமிருந்தே வருகிறது. “பணி நிரந்தரம் இல்லை, கூலி போதவில்லை. அதை விட்டுவிட்டு வண்டி நிறுத்தப் போராடுவதா?” 2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் உட்கார்ந்தது பணிப் பாதுகாப்புக்காகத்தான். அந்தக் கோரிக்கையை நாங்கள் ஒரு நாளும் கைவிட மாட்டோம். ஆனால், நிரந்தரம் ஆக்குவதற்கு அரசாணை வேண்டும், நிதி வேண்டும், நீதிமன்றம் வேண்டும். கொட்டகையில் இடம் கொடுக்கப் பதிவாளர் ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டால் போதும். செலவே இல்லாத உரிமையைக் கூடக் கொடுக்காதவர்கள், செலவு பிடிக்கும் உரிமையைக் கொடுப்பார்கள் என்று எப்படி நம்புவது? சின்ன உரிமையைக் கேட்டு வாங்கிய வாய்தான் பெரிய உரிமையைக் கேட்கவும் பழகும்.

விதி இப்படி இருக்கட்டும்

குறை சொல்வதோடு நிறுத்த விரும்பவில்லை. நம் மாவட்டத்துப் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் பின்பற்றத்தக்க ஒரு வரிசையை இங்கே வைக்கிறோம்.

முதலாவது, பணியாளர் என்பதற்கான விளக்கம். வளாகத்துக்குள் நாள்தோறும் வேலை செய்கிறவர் எவரோ அவரே பணியாளர். சம்பளச் சீட்டு எங்கிருந்து வருகிறது என்பது கணக்குப் பிரிவின் கவலையாக இருக்கட்டும், வாசலில் நிற்கும் காவலரின் கவலையாக வேண்டாம்.

இரண்டாவது, முன்னுரிமை. மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், நோயாளிகளுக்கு முதலிடம். அடுத்து, முதல் பேருந்துக்கு முன்பே வருகிறவர்களும் இருட்டிய பிறகு திரும்புகிறவர்களும். அடுத்து, பேருந்து வசதி குறைந்த மலைக் கிராமங்கள், அடிவாரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். மிச்சமிருக்கும் இடத்தைப் பதவி பார்க்காமல் குலுக்கல் முறையிலோ சுழற்சி முறையிலோ பிரிக்கலாம்.

மூன்றாவது, கூரை. கூரை உள்ள இடத்தில் ஒரு பகுதியை இருசக்கர வண்டிகளுக்கு ஒதுக்க வேண்டும். காரில் வருகிறவருக்குக் காரே கூரை. எக்ஸ்எல் வண்டியில் வருகிறவருக்கு அது கிடையாது.

நான்காவது, கட்டணம் வைப்பதானால் சம்பளத்துக்கு ஏற்ப வைக்க வேண்டும். தினக்கூலிக்காரருக்குக் கட்டணமே கூடாது.

ஐந்தாவது, இதையெல்லாம் முடிவு செய்யும் குழுவில் தூய்மைப் பணியாளர், காவலர், கௌரவ விரிவுரையாளர் ஆகியோருக்கு இடம் வேண்டும். ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தப் பத்திரத்திலேயே ஓய்வறை, குடிநீரோடு வண்டி நிறுத்தும் இடத்தையும் எழுதிவிட வேண்டும்.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து நம் கையில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகமும் அரசுக் கல்லூரியும் அதற்குக் கட்டுப்பட்டவை. 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். வாகன நிறுத்தத்துக்குத் தகுதி வகுத்த விதி எது? எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் வந்தது? நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர்? ஒவ்வொரு பிரிவுக்கும் ஒதுக்கிய இடம் எத்தனை? 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பல இடங்களில் அப்படி ஒரு விதியே எழுத்தில் இருக்காது என்பது எங்கள் அனுமானம். பலகை மட்டும் இருக்கும், பின்னால் வழக்கம் இருக்கும். எழுதாத விதியை எழுத வைத்தாலே பாதி வேலை முடிந்தது. எழுதும்போது காரணம் சொல்ல வேண்டிவரும்.

மே மாதம் கோடை விழா வந்தால் ஏற்காட்டில் கார் நிறுத்த இடமில்லாமல் சுற்றுலாப் பயணிகள் தவிப்பது எல்லாப் பத்திரிகையிலும் செய்தியாகிறது. இரண்டு நாள் வந்து போகிறவரின் காருக்கு இடம் தேடிக் காவல்துறை போக்குவரத்தையே மாற்றி அமைக்கிறது. தவறில்லை, விருந்தாளிகளுக்கு அது செய்யத்தான் வேண்டும். அதே மலையில் பிறந்த ஒரு பெண்ணின் வண்டி ஆறு ஆண்டுகளாகப் புளியமரத்தடியில் நிற்கிறது. அதையும் ஒரு செய்தியாக இங்கே பதிவு செய்கிறோம்.

எங்கள் மனு அந்த வளாகத்து அலுவலகத்தில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அவரிடம் போன வாரம் கேட்டோம், “என்னங்க, ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று. “ஒண்ணும் சொல்லலீங்க. பலகைக்குப் புதுசாப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்காங்களாம். கீழ சிந்தினதைத் தொடைக்க என்னையத்தான் கூப்புடுவாங்க” என்றார்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் நிர்வாகத்திடம் எங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ‘பணியாளர் வாகனங்கள் மட்டும்’ என்ற பலகையை மாற்ற வேண்டாம், அப்படியே எழுதுங்கள். அந்தச் சொல்லுக்குள் அவரையும் சேர்த்துவிட்டு எழுதுங்கள்.